இருந்து சமைக்கிற குசினி

கல்முனையில் பஸ் புறப்பட்டதுமே எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவரிடம் சொன்னாள்: "இஞ்சேருங்க, நிண்டு சமைக்கிற குசினி எனக்கு வேணாம்."

அவளுடைய ஊன்றுகோல்கள் சன்னலோரம் சாய்ந்திருந்தன.

"முதல்ல மரவேல செய்யிற ஓடாவிக்கிட்ட வில கேப்பம் புள்ள. மத்ததெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"அவரு எல்லாருக்கும் செய்யிற உயரத்துலதான் செய்வாரு. என்ன வேணுமெண்டு சொல்லாமக் கேட்டா அவரு எதுக்கு வில சொல்லுவாரு?"

"அப்ப என்ன சொல்லணும்?"

"நான் கதிரயில இருந்துதான் ஆக்குவன். அடுப்பு என்ட முழங்கைக்கு நேர வரணும். சிங்குக்குக் கீழ அலுமாரி வேணாம், கால் வைக்க இடம் வேணும். மத்ததெல்லாம் இழுக்கிற லாச்சி."

"உம்மா ஆக்கித் தாறாதானே?"

"ஆட்டோ கவிழ்ந்த நாளையிலிருந்து அவதான் ஆக்கிறா. அவவும் பாவம். வாற நோன்புக்கு நான்தான் கஞ்சி காச்சணும்."

"கதிரய அளந்தியா?" என்று கேட்டார்.

"ஓம். குசினியப் போட்டோவும் எடுத்திட்டன். தண்ணிக் குழாய், பிளக் எல்லாம் அதுல தெரியும்."

நிந்தவூர் தாண்டும்போது அவர் போனை எடுத்தார்.

"ஓடாவி, குசினிக்குப் பென்ட்ரி அலுமாரி ஒண்டு செய்யணும். ஓம், நம்மட வீட்டுக்குத்தான். உயரமா?" மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இரிங்க. அதுல ஆக்கப்போறவ கதைப்பா."

அவள் போனை வாங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஒவ்வொண்டாச் சொல்றன், எழுதிக்கங்க."