காகிதத்தில் ஒரு வெட்டு

பொன்னம்மை: குப்பிய இஞ்ச தாங்க. விளக்கு வெச்சு அரை மணிக்கூறு ஆகல்ல, அதுக்குள்ள மருந்தா?

தாணு: இன்னிக்கு நேரமே படுக்கலாம்னு பாத்தேன். ஏம் பிள்ளே பிடுங்குக?

பொன்னம்மை: நிறம் வேற மாதிரி இருக்கே...

தாணு: புதுசுல்லா. கம்பவுண்டர் நேசையன் சாயங்காலம் கலக்கித் தந்தான். பழசவிட இரட்டி வீரியம்.

பொன்னம்மை: இரட்டியா? ஆரு இரட்டிக்கச் சொன்னா?

தாணு: டாக்டருதான். நாலு நாளா குடிச்சும் உறக்கம் வரல்லியான்னு கேட்டாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கத அவரும் பாத்தாரு. இல்லேன்னேன். எழுதித் தந்துட்டாரு.

பொன்னம்மை: பழசயே இன்னும் ரெண்டு நாள் பாத்திருக்கலாம்.

தாணு: பாத்தது போதும். மருந்து எனக்கு, உறக்கம் ஒனக்கு. காலைல பால்காரி மூணு வாட்டி விளிச்சா. நீ அனங்கல்ல.

பொன்னம்மை: அது... வேலை செஞ்ச அலுப்பு. நேசையன் வேற என்ன சொன்னான்?

தாணு: வேதப்புஸ்தகம் வாசிக்க மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். குப்பியக் குலுக்கணும். பக்கத்துல ஒட்டியிருக்க காகிதத்துல அளவுக்கு வெட்டி விட்டிருக்கு, ஒரு வெட்டு ஒரு ராத்திரிக்கு. குடிச்ச உடனே பாய்க்குப் போணும். உறக்கம் வரல்லேன்னு ரெண்டாவது வெட்டுல கை வைக்கப்பிடாது. வேற ஆளு தொடவே பிடாது.

பொன்னம்மை: தொட்டா?

தாணு: மூச்சு அடங்கிப் போனாலும் போகும்னான். குப்பியத் தா. கொல்லையில போயி வாய் கொப்புளிச்சுட்டு, அங்கனயே குடிச்சுக்கிடுகேன்.

பொன்னம்மை: இன்னிக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை.

தாணு: வெள்ளிக்கிழமை உறங்கப்பிடாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? தா இஞ்ச.

பொன்னம்மை: தரமாட்டேன்... பழைய குப்பியில பாதியும் தண்ணி.

தாணு: என்ன?

பொன்னம்மை: மொத நாளு நீங்க குளிக்கப் போனப்போ ஒரு வெட்டு குடிச்சேன். கொறஞ்சது தெரியாம இருக்க பானைத் தண்ணிய ஊத்தி வச்சேன். மறு நாளும் அப்படித்தான். அப்புறம் தெனமும்... உறக்கம் வராதது மருந்தோட குத்தம் இல்ல. அது தெரியாம டாக்டர் இரட்டிச்சுட்டாரு. இதக் குடிச்சுட்டு நீங்க எழும்பாமப் போனா நான் என்ன செய்வேன்?

தாணு: ஒனக்கு என்னத்துக்கு பிள்ளே அந்த மருந்து?

பொன்னம்மை: நம்ம நயினாரு... கண்ண மூடினா வந்து கதவத் தட்டுகான். எழும்பிப் போயிப் பாத்தா தெரு வெறிச்சோடிக் கெடக்கு. வீட்ட விட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு. எங்க இருக்கான்னு ஒரு கடுதாசி இல்ல. எனக்கு அந்தச் சத்தம் கேக்கப்பிடாது. பெத்தவ சொல்லுக பேச்சா இது... ஆனா கேக்கப்பிடாது.

தாணு: சொல்லியிருந்தா ஒனக்கும் டாக்டர் பாத்து எழுதித் தந்திருப்பாருல்லா.

பொன்னம்மை: என்னன்னு சொல்ல? ஒங்களுக்கு ஆபீஸ் இருக்கு, உறங்கணும். அடுக்களையில கெடக்கவளுக்கு உறக்கமில்லேன்னா ஆரு மருந்து எழுதுவா? ஒங்களயே டாக்டர்கிட்ட நான்தான் தள்ளிட்டுப் போனேன்.

தாணு: சரி. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போவோம். ஒண்ணும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிருவோம். குப்பிய அலமாரில வச்சுப் பூட்டு. சாவி என்கிட்ட இருக்கட்டும். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் மருந்து இல்ல.

பொன்னம்மை: என்னைய ரெண்டு ஏசுங்க. நாலு நாளு ஒங்களப் பானைத் தண்ணி குடிக்க வச்சேனே...

தாணு: நான் குடிச்சா தானே. தெனமும் கொல்லையில கொண்டு போயி வாழை மூட்டுல கொட்டினேன். பரீட்சையில தோத்ததுக்கு அவன அடிச்சு வெரட்டினது நான்லா. நானும் உறங்கிட்டா, அவன் வந்து தட்டும்போ ஆரு பிள்ளே தொறப்பா?