நாக்கில் ஒட்டாத கல்

கல்லை நக்கிப் பார்க்கிறது எங்க தொழில்ல கேவலம் இல்லை சார். நீங்க முகம் சுளிக்கிறீங்க, பரவாயில்லை. என் பொண்டாட்டி கல்யாணமான புதுசுல இதைவிட மோசமா சுளிச்சா. விஷயம் ரொம்ப சுலபம். எத்தனையோ காலம் மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போன எலும்புல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நாக்கை வெச்சா ஈரத்தை உறிஞ்சி லேசா ஒட்டிக்கும். வெறும் கல் ஒட்டாது. பெரிய பெரிய புத்தகமெல்லாம் படிச்சுட்டு, கடைசில நாய் மாதிரி நக்கித்தான் முடிவு பண்றோம்.

மியூசியத்துல சனிக்கிழமை காலையில எனக்கு ஒரு மேஜை போட்டுடுவாங்க. ஜனங்க வித்தியாசமான கல் கிடைச்சா கொண்டு வருவாங்க. ராட்சசப் பல்லி முட்டைம்பாங்க, பார்த்தா உருண்டு இறுகின களிமண். செடி பதிஞ்சிருக்கும்பாங்க, அது விரிசல்ல தண்ணி இறங்கிப் படிஞ்ச கறை. நான் பார்த்து, நக்கி, பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்லைன்னு எனக்கு ஒரு பேரு. அந்தப் பேரை யார் பரப்பினாங்கன்னு கேட்டீங்கன்னா, பெரும்பாலும் நான்தான். ஆபீஸ்ல என்னை 'நாக்கு சார்'னு கூப்பிடுவாங்க. கேலிக்குத்தான் வெச்சாங்க. நான் அதை விருது மாதிரி சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்.

என் தங்கச்சி புருஷன் மர சாமானுக்கு வார்னிஷ் அடிக்கிறவர். சூதுவாது தெரியாத மனுஷன். வீட்டு அஸ்திவாரத்துக்குக் குவாரியில இருந்து இறக்கின சுண்ணாம்புக் கல்லுல ஒண்ணு வித்தியாசமா இருக்குன்னு, துணியில சுத்தி எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கிழமை வந்தார். அன்னைக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்துச்சு. நாப்பது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். எனக்கு அப்படிக் கூட்டம் இருந்தா கொஞ்சம் குஷி ஏறிடும்.

கல்லு பழுப்பு நிறம், உள்ளங்கை நீளம், பளபளன்னு இருந்துச்சு. ஆத்துத் தண்ணி தேய்ச்சதுன்னு நினைச்சேன். நக்கினேன். ஒட்டலை. "மாப்ள, இதை வெச்சுக் கதவுக்கு முட்டுக் கொடுங்க. அதுக்கு மேல இதுக்கு யோக்கியதை இல்லை"ன்னேன். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவரும் கூடவே சிரிச்சார், காது மட்டும் சிவந்துபோச்சு. பதிவேட்டுல 'வெறும் கல்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கக்கிழமை மேஜை விரிப்பை உதறினப்போ அந்தக் கல்லுல இருந்து உதிர்ந்த ஒரு சில்லு கிடந்துச்சு. பழக்க தோஷம், வாயில வெச்சேன். பிடிச்சு இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு சார், அப்படி ஒட்டிக்கிச்சு. தங்கச்சிக்கு போன் போட்டேன். "அதுவா அண்ணா, உன்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி அழகா இருக்கட்டும்னு மூணு கோட் வார்னிஷ் அடிச்சாரு"ன்னா. துளையெல்லாம் அடைஞ்சுபோச்சு. நாப்பது பிள்ளைங்க முன்னாடி நான் நக்கினது வார்னிஷ். வாடை வரலையான்னு கேப்பீங்க. வந்துச்சு. அவர் மேல எப்பவும் வர்ற வாடைதானேன்னு விட்டுட்டேன்.

பதிவேட்டுல ஒரு கோடு கிழிச்சு, 'கல்லான எலும்பு'ன்னு எழுதியிருந்தா அரை நிமிஷ வேலை. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிச் சிரிச்சிருக்கலாம். யானை பெரிய மனசுள்ள பிராணி, அதனால சறுக்கிட்டு எழுந்து போயிடும். நான் அந்தச் சில்லை எடுத்து ஜன்னல் வழியா வீசினேன்.

ரெண்டு நாள் கழிச்சு மாப்பிள்ளை வந்தார். "மச்சான், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. அந்தக் குவாரியில ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாமா? நீங்க இருந்தா உள்ள விடுவாங்க." என்னன்னு மறுக்கிறது? போனோம். குவாரி மேஸ்திரிக்கு என்னைப் பல வருஷமாத் தெரியும். "சார், பன்னெண்டு மணிக்குக் கிழக்குச் சுவருக்கு வெடி. அதுக்குள்ள மேல வந்துடுங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பினான்.

அது கிழக்குச் சுவர்லதான் இருந்துச்சு. முதுகெலும்பு, வரிசையா பதினொரு கணு, ஒவ்வொண்ணும் டம்ளர் அளவு. அந்த மாதிரி நான் படத்துலதான் பார்த்திருக்கேன். மாப்பிள்ளை என்னை எதுவும் கேக்கலை. நேராப் போய் நக்கினார். நாக்கை எடுக்காமலே என் பக்கம் கண்ணைத் திருப்பி, "ஒத்துது மச்சான்"னு குழறினார். அப்புறம் சின்னக் குழந்தை மாதிரி குதிச்சார். எனக்கும் சந்தோஷம்தான். அதை நான் மறைக்கலை. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்.

"மச்சான், நீங்க ஓடிப்போய் வெடியை நிறுத்தச் சொல்லுங்க. நான் இங்கயே காவல் நிக்கறேன்"ன்னார். நிறுத்தத்தான் ஏறினேன். சத்தியமா அதுக்குத்தான் ஏறினேன். பாதி வழியில கீழ இருந்து கத்தினார்: "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் நீங்களே மாத்தி எழுதணும் மச்சான்!" குத்திக்காட்டறதுக்குச் சொல்லலை, அந்த மனுஷனுக்கு அதெல்லாம் வராது. பூரிப்புல சொன்னார். எனக்கு முட்டிவலி. மிச்சப் படியெல்லாம் மெதுவா ஏறினேன். நாப்பது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர், அந்த நினைப்புதான்.

மேஸ்திரி கேட்டான், "உங்க மாப்பிள்ளை எங்க சார்?"

"அவர் அப்பவே அந்தப் பக்கமா கிளம்பிட்டாரேப்பா"ன்னேன்.

சங்கு மூணு தடவை ஊதினாங்க. செவிட்டுக் காதுக்கும் கேக்கும். அவர் நகரலை. நான்தான் நிறுத்தப் போயிருக்கேனே, எதுக்கு நகரணும்? நான் எட்டிப் பார்க்கலை. பார்த்தா சொல்லியாக வேண்டி வரும் பாருங்க.

தங்கச்சிகிட்ட, எல்லார் முன்னாடியும் நான் கேலி பண்ணின கோபத்துல எங்கேயோ போயிட்டார், வந்துடுவார்னு சொன்னேன். என் வாய்தான் காரணம்னு சொல்லி அழுதேன். அழுகை நல்லாவே வந்துச்சு. "நீ விளையாட்டுக்குத்தானே சொன்னே, உடம்பைக் கெடுத்துக்காதே அண்ணா"ன்னு அவதான் எனக்கு ஆறுதல் சொன்னா. இங்க காணோம்னு புகார் எழுதிக் கொடுத்தது நான்தான், உங்க ஃபைல்ல என் கையெழுத்து இருக்கும். நல்ல கையெழுத்துன்னு உங்க ஏட்டு பாராட்டினார்.

எட்டு மாசம் கழிச்சு மேஸ்திரி ஒரு துண்டைக் கொண்டு வந்தான். கிழக்குச் சுவர் சரிஞ்ச குவியலை அப்பத்தான் அள்ள ஆரம்பிச்சிருக்காங்க. விரல் நீளம், மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசி. "சார், இது பழங்காலத்து எலும்பா?"ன்னு ஆசையாக் கேட்டான். எலும்பு கல்லாயிடுச்சா, புதுசான்னு பார்க்க இன்னொரு வழி இருக்கு. ஊசியைச் சுட வெச்சுத் தொடணும். கல்லானதுல ஒரு வாடையும் வராது. புது எலும்புன்னா முடி கருகின வாடை வரும். அவனை டீ குடிக்க அனுப்பிட்டுத் தொட்டேன்.

ஜன்னலைத் திறந்து வெச்சேன். வாடை போக நேரமாச்சு. அப்புறம் உட்கார்ந்து, 'கல்லான எலும்பு, அழிஞ்சுபோன விலங்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டெடுத்தவர்னு மேஸ்திரி பேரையும் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. தங்கச்சி ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவ அந்தப் பெட்டி முன்னாடி நின்னு, "அவரும் இந்த மாதிரி ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு அண்ணா"ன்னா. ஆமாம்மான்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். ஆனா நான் மறைச்சே இருந்திருப்பேன் சார், சாகிற வரைக்கும். இன்னைக்குக் காலையில வெளியூர்ல இருந்து ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். பெட்டியைத் திறக்கச் சொல்லி, கையில எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு, ஆபீஸே சுத்தி நிக்கும்போது, "இது புது எலும்பு சார். மனுஷ எலும்பாக்கூட இருக்கலாம். ஒரு ஊசியைச் சுட வெச்சுப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே, உங்களுக்குத் தெரியலையா?"ன்னாங்க. பின்னாடி யாரோ, "நாக்கு சாருக்கு வயசாயிடுச்சு"ன்னு சொல்ல, சிரிப்பு. நான் குடையைக்கூட எடுக்காம நேரா இங்க வந்துட்டேன்.

என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க, நான் எதுத்துப் பேச மாட்டேன். ஆனா அந்த ஊசி விஷயத்தைத் தெளிவா எழுதிக்குங்க சார். நான் தொட்டுப் பார்த்தேன். புது எலும்புன்னு அந்த நிமிஷமே தெரியும், யாரோடதுன்னும் தெரியும். தெரியாமத் தப்பா எழுதிட்டான்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது.