முந்நூற்று முப்பதாம் படியில் முதலாளி

ஆயில் இஞ்சினின் அடங்காத் திமிரை அரை ஸ்பானரால் அடக்கும் எங்கள் அவைத் தலைவர் நூர் முஹம்மது பாய் அவர்களே! துண்டை விரித்து முன்வரிசையை வளைத்துப் போட்ட பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கோபத்தை மூக்கிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! கடைசியாக, கம்பத்தின் பின்னால் நின்று யார் யார் கைதட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் கடலை மில் கணக்கர் வீராசாமி மாமா அவர்களே! என் பெயரையும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: துளசிங்கம், வயது பதினாறு, காலையில் பள்ளிக்கூடம், மாலையில் உங்கள் மில்லில் கோணி தைப்பவன். ஆள் அரைநாள் ஆள். வாய் முழுநாள் வாய்! அனைவருக்கும் வணக்கம்.

நம் முருகன் மலைக்கு எத்தனை படி? உரக்கச் சொல்லுங்கள்! ஆங், முந்நூற்று அறுபத்தைந்து. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. சர்க்கார் போன வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு வருஷம் விடாமல் உழைத்தவருக்குச் சம்பளத்தோடு பத்து நாள் லீவு! நம் மில்லில் டெம்பரவரி ஆட்கள் முப்பத்தேழு பேர். லீவு எடுத்தவர் எத்தனை பேர்? என்ன பாட்டையா, விரலை மடக்குகிறீர்கள்? மடக்க வேண்டாம், ஒருவரும் இல்லை!

ஏன்? பதினோராம் மாதம் முடிந்ததும் பெயரை அடித்து, நாலு நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்தாம் நாள் வந்தால் நாம் புதிய ஆள்! பத்து வருஷமாகக் கடலை புடைக்கிற மணியம்மை அக்கா புதிய ஆள்! முன்பல் இரண்டு விழுந்த, முடி நரைத்த, மூட்டு வலிக்கிற புத்தம்புதிய ஆள்!

போன வாரம், பதினோராம் மாதம் முடிந்த அன்று, அக்கா கணக்கரிடம் போனாள்.

"பள்ளிப்பட்டுல பொண்ணுக்குத் தலைப்பிரசவங்க. பத்து நாள் லீவு குடுங்க. வெறுங்கையோட எப்படிங்க போவேன்?"

"வருசம் முடியலியேம்மா."

"பத்து வருசமா வந்துகினு கீறேனே!"

"அதெல்லாம் துண்டு துண்டா கீது. தொடர்ச்சி இல்ல. நாலு நாள் கழிச்சு புதுசா வா."

வேலையும் இல்லை, லீவும் இல்லை. அக்கா என்ன செய்தாள்? ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் நின்று மோர் ஊற்றினாள். அப்போதுதான் வந்தார் நம் முதலாளி வரதராஜன்! தோளில் காவடி, தொந்தியில் சந்தனம், தொண்டையில் அரோகரா! பின்னால் விசிறிக்கொண்டு நம் வீராசாமி மாமா. முந்நூற்று முப்பதாம் படியில் முதலாளிக்கு மூச்சு முட்டியது. காவடியை இறக்கி வைத்து மோருக்குக் கை நீட்டினார். அக்காவுக்குத் துணையாக நின்ற நான், கணக்கர் போலப் பள்ளிக்கூட நோட்டை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, காவடிய எறக்கிட்டீங்க."

"அதுக்கு இன்னாடா?"

"தொடர்ச்சி போச்சுங்க. ஏறின முந்நூத்தி முப்பதும் அடிச்சாச்சு. கீழ போயி புதுசா ஏறிகினு வாங்க."

"ஏய்! ஏறின படி எங்கடா போவும்? ஏறினது ஏறினதுதான்! முருகனுக்குத் தெரியாதா?"

அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். "அத்தத்தாங்க முதலாளி நானும் சொல்லிகினு கீறேன்."

படிக்கட்டே சிரித்தது! முதலாளிக்கு மோர் புரையேறியது. மீதி முப்பத்தைந்து படியையும் மனிதர் மூச்சு விடாமல் ஏறினார். முருகன் அருள் என்கிறார்கள் சிலர். நான் மணியம்மை அருள் என்கிறேன்!

தொண்டை வறள்கிறது, இருங்கள், ஒரு மடக்கு சோடா. ஆ! இப்போது பேச்சை நிறுத்திவிட்டேன். தொடர்ச்சி போய்விட்டது. மறுபடி "அவைத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பிக்கட்டுமா? வேண்டாமா? பார்த்தீர்களா, உங்களுக்குப் புரிகிற நியாயம் மில் ஆபீசுக்குள் நுழைய மறுக்கிறது!

நாளைக் காலையோடு அந்த நாலு நாள் முடிகிறது. அக்கா போய்ப் புதிய ஆளாகப் பெயர் கொடுக்க வேண்டுமாம். கொடுப்பாளா? வெள்ளைக்காரனே இன்னும் சில நாளில் மூட்டையோடு கப்பலேறப் போகிறான்; நாம் மட்டும் முதல் படிக்கே இறங்குவதா? முதலாளி மலைமேல் சொன்னதை அப்படியே தாளில் எழுதியிருக்கிறோம்: "ஏறினது ஏறினதுதான்." பழைய நாளும் கணக்கு, பத்து நாள் லீவும் கணக்கு. நாளை சங்கு ஊதும்போது முப்பத்தேழு பேரும் வாசலில் நிற்போம். அவர் கையெழுத்துப் போட்டால் அக்கா சம்பளத்தோடு பள்ளிப்பட்டுக்குக் கரியில் ஓடும் பஸ் ஏறுவாள்; நாம் வேலைக்கு ஏறுவோம். போடாவிட்டால்? கடலையை முதலாளியே புடைக்கட்டும்! சாட்சிக்கு வீராசாமி மாமா இருக்கிறார். மாமா, கை விசிறிக்கொண்டிருந்தாலும் காது கேட்டதல்லவா?

பேச விட்ட தலைவருக்கும், பொறுத்த பெரியோருக்கும், சிரித்த தாய்மாருக்கும், சோடா கொடுத்த புண்ணியவானுக்கும் நன்றி. தாளில் முப்பத்தாறு பேரின் ரேகை விழுந்துவிட்டது. முதல் இடம் காலியாக இருக்கிறது.

மணியம்மை அக்கா! மேடைக்கு மூன்றே படிதான், ஏறி வா. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள், அவசரமில்லை. இங்கே உன்னை யாரும் கீழே அனுப்பமாட்டார்கள்.

வணக்கம்!