காசளவு இடத்தில் பூசிய பெயிண்ட்

விழாத் தலைவர், நம் ஆலையின் இயக்குநர், மதிப்பிற்குரிய வல்சான் தெர்ஸியேவ் அவர்களே! நான்கு மேசையும் ஒரு ஜன்னலுமாக இந்த ஆலையைத் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டுகள் வளர்த்து, இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு ஓடிவந்து, எட்டு மணிக்கெல்லாம் திருகாணியும் கம்பியுமாக வரிசையில் அமரும் தாய்மார்களே! பெயிண்ட் பிரிவின் தோழர்களே, பொதி கட்டும் தோழர்களே, பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா வந்துவிட்டதா என்று மேடையை விட்டுச் சமையலறையையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! திரோயன் நகரத்து இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் யாவோர் ராய்கோவின் வணக்கம்.

வெள்ளிவிழாவில் ஐந்து நிமிடம் பேசு, நம் தரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசு என்று தலைவர் பணித்தார். பேசுகிறேன். ஆனால் பெருமை பிறகு, பிழை முதலில்.

யாரது, "ஆரம்பிச்சுட்டான்யா" என்பது? ஆமாம் அண்ணே, ஆரம்பித்துவிட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்வது என்ன? பால் சோதிக்கும் கருவி. பால் சேகரிக்கும் நிலையத்தில் ஒரு கிண்ணம் பாலை வைத்தால், கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடும் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நாம் வெளியில் வாங்கிப் பொருத்தும் ஒரு பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் உள்ளங்கை அகலப் பலகை.

அந்தப் பலகைக்குச் சான்றிதழ் உண்டா? உண்டு. முத்திரை உண்டா? உண்டு. சோதித்துப் பார்த்த ஆய்வுக்கூடத்தின் பெயர் உண்டா? அதுவும் உண்டு. அப்படியானால் அதை உள்ளே வைத்த நம் பெட்டியும் பாதுகாப்பானதுதானே? இந்த மண்டபத்தில் பாதிப்பேர் "ஆமாம்" என்பீர்கள். போன வாரம்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. சான்றிதழின் முதல் பக்கத்தில் முத்திரை இருக்கிறது, நான்காம் பக்கத்தில் நிபந்தனை இருக்கிறது. முத்திரையைப் பார்க்கிறோம், முகம் மலர்கிறோம், மூடி வைத்துவிடுகிறோம். நான்காம் பக்கம் என்ன சொல்கிறது? இந்தப் பலகையை உலோகப் பெட்டிக்குள் வைப்பவர், அந்தப் பெட்டியை எர்த் கம்பியோடு இணைத்தாக வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். இடையில் எதுவும் இருக்கக் கூடாது.

இடையில் என்ன இருந்தது? சொல்கிறேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை காலை, மலையடிவாரத்திலிருந்து ஒரு தொலைபேசி. பால் சேகரிக்கும் ஜெர்கினா பேசுகிறார். எடுத்தவர் என் பக்கத்து மேசைக்காரர்.

"தம்பி, உங்க பெட்டி கையைக் கடிக்குது."

"பெட்டி எப்படிம்மா கடிக்கும்?"

"மூடியைத் தொட்டா சுருசுருங்குது. பல்லெல்லாம் கூசுது."

"கை ஈரமா இருந்துச்சா?"

"பால் ஊத்துறவ கை ஈரமா இல்லாம, மாவு பூசிக்கிட்டா நிப்பேன்?"

"ரப்பர் பூட்ஸ் போட்டுக்கங்கம்மா. சரியாயிடும்."

"பூட்ஸ் போட்டுக்கிட்டுதான் நிக்கிறேன். உங்க மிஷினுக்காக இன்னும் என்னத்தைப் போட்டுக்கணும், ஹெல்மெட்டா?"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். மின்கருவி செய்கிற ஆலையில், மின்சாரம் கடிக்கிறது என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டு, படித்த மூன்று பேர் உட்கார்ந்து சிரித்தோம்.

சிரிக்காதவர் ஒருவர். சோதனை மேசையில் இருக்கும் தெச்கா அக்கா. அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பெட்டியையும் அவர்தான் சோதிக்கிறார். சோதனைக் கருவியின் ஒரு முனையைப் பிளக்கில் கொடுத்து, இன்னொரு கிளிப்பை எர்த் திருகில் மாட்டுவார். பச்சை விளக்கு எரிந்தால் எர்த் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் பச்சைதான். ஒன்றுகூடத் தவறவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா என் அறைக்கு வந்தார்.

"யாவோர், கிளிப்பை எங்க மாட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருக்க?"

"திருகுலதான்க்கா. வரைபடமே போட்டிருக்கேனே."

"ஜெர்கினா திருகையா தொட்டாங்க? பெட்டியைத்தானே தொட்டாங்க?"

அக்கா என்னைக் கையைப் பிடித்துச் சோதனை மேசைக்கு இழுத்துப்போய், கிளிப்பைத் திருகிலிருந்து கழற்றி, பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி அங்கே மாட்டினார். சிவப்பு. அடுத்த பெட்டி, சிவப்பு. அதற்கடுத்தது, அதுவும் சிவப்பு.

கம்பி திருகைத் தொடுகிறது. திருகு பெயிண்டைத் தொடுகிறது. பெயிண்ட் மட்டும்தான் பெட்டியைத் தொடுகிறது. கம்பி இருந்தும் காவல் இல்லை!

ஏன் அங்கே பெயிண்ட் வந்தது? முன்பெல்லாம் பெயிண்ட் அடிக்கும் முன், அந்தத் திருகு உட்காரும் இடத்தில் காசளவு வட்டமாக ஒரு தாளை ஒட்டுவார்கள். பெயிண்ட் காய்ந்தபின் உரித்தால் அங்கே வெறும் இரும்பு பளபளக்கும். வசந்த காலக் கண்காட்சிக்காக நீல நிறத்துக்கு மாறினோம். அன்றிலிருந்து தாள் இல்லை. "பெயிண்ட் பிரிவுக்காரங்க பண்ணின வேலை", "சப்ரியானுக்கு வழுக்கையைப் பாத்தாலே பொறுக்காது, தன் தலையைத் தவிர" என்று மூன்று நாளாக ஆலை முழுக்கப் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில், பெயிண்ட் அடிக்கும் சப்ரியான் அண்ணன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது கேளுங்கள். சப்ரியான் அண்ணன் தானாகப் பூசவில்லை, கேட்டுவிட்டுத்தான் பூசினார். கண்காட்சிக்கு முந்தைய வாரம், மதிய உணவு நேரத்தில், ஒரு மூடியைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இந்த மொட்டை இடம் அசிங்கமா இருக்கே, பூசிடவா?" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. வாய் நிறையச் சோறு. "பூசுங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான். விதிகளைக் காப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், எந்த இடம், எதற்காக மொட்டை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆகவே பழி போட ஆள் தேடுகிறவர்கள் பெயிண்ட் பிரிவுக்குப் போக வேண்டாம், மேடையைப் பாருங்கள். பூசச் சொன்னவன் நான். கிளிப்பைத் தவறான இடத்தில் மாட்ட வரைபடம் போட்டவனும் நான்.

சரி, சுருசுருப்புதானே, யாரும் சாகவில்லையே என்று பின்வரிசையில் ஒரு குரல். நல்ல கேள்வி. அந்தப் பலகைக்குள் இரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. அது எப்போதும் துளி மின்சாரத்தைப் பெட்டியில் கசியவிடும். அது பழுதல்ல, அதன் இயல்பு. எர்த் இருந்தால் அந்தத் துளி மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஜெர்கினாவின் கை வழியாகப் போகும். இன்று துளி. நாளை உள்ளே ஒரு கம்பி உரசி, தோல் உரிந்து, பெட்டியைத் தொட்டால்? எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாத பெட்டியில் ஃபியூஸ் போகாது, விளக்கு அணையாது, வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. இருநூற்று முப்பது வோல்ட்டும் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, ஆள் வரும்வரை காத்திருக்கும். வருகிறவர் ஒரு கையைப் பெட்டியில் வைப்பார், மறு கையை எஃகுத் தொட்டியில் வைப்பார். தரை ஈரம், கை ஈரம். மின்சாரத்துக்கு மரியாதை தெரியாது, மன்னிப்பு தெரியாது, வெள்ளிவிழாவும் தெரியாது!

கிடங்கில் இருந்த பெட்டிகளை நிறுத்திவிட்டோம். நீலத்துக்கு மாறியபின் வெளியே போனவை அறுபத்திரண்டு. நேற்று ஜெர்கினாவை அழைத்து, பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். "புடுங்கிட்டு, பாலை நாக்கு வச்சா சோதிக்கிறது?" என்று திட்டினார். திட்டிவிட்டுப் பிடுங்கிவிட்டார். மீதி அறுபத்தொன்று இந்த நொடியும் மின்சாரத்தில் இருக்கின்றன.

நம் பெட்டியின் முதுகில் இருக்கும் முத்திரையை அரசாங்கம் வந்து ஒட்டியதா? இல்லை. நாமே சோதித்தோம், நாமே எழுதினோம், நாமே ஒட்டினோம். எங்களை நம்புங்கள் என்று நாமே சொன்னோம். அப்படிச் சொல்லும் உரிமையைத் தந்த சட்டம் ஒரு கடமையையும் சேர்த்தே தந்திருக்கிறது. ஆபத்து என்று தெரிந்ததும் பெட்டியைத் திரும்ப அழைக்க வேண்டும், வாங்கியவருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும். தெரிந்தபின் சும்மா இருந்தால் அதன் பெயர் பிழை அல்ல, குற்றம்.

என்ன ஐயா? "விழாவுல இதைப் பேசணுமா யாவோர்?" என்று தலைவர் கேட்கிறார். ஐயா, புதன்கிழமை உங்கள் அறையில் பேசினேன். விழா முடியட்டும் என்றீர்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றீர்கள். இன்று மாலையும் பால் கறப்பார்கள், நாளைக் காலையும் கறப்பார்கள். அறுபத்தொரு இடத்தில் அறுபத்தொரு ஈரக்கை அந்தப் பெட்டியைத் தொடும். எந்தக் கையைத் திங்கட்கிழமைவரை பொறுத்திருக்கச் சொல்வது? திரும்ப அழைக்கும் கடிதம் என் கையில் இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

தலைவர் எழுந்திருக்கிறார்... இங்கேயே வருகிறார்.

"குடு இப்படி. அந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளு. எங்க போடணும்?"

இங்கே ஐயா. கீழ்வரியில்.

"போட்டாச்சு. திங்கக்கிழமை வண்டி அனுப்பிப் பெட்டியெல்லாம் தூக்கிட்டு வரலாம். அதுவரைக்கும் என்னடா பண்றது?"

கை தட்டாதீர்கள், தயவுசெய்து தட்டாதீர்கள். அதற்கு நேரம் இல்லை. அதுவரைக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அறுபத்தொரு பெயரும் எண்ணும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம், ஒவ்வொருவர் பையிலும் தொலைபேசி இருக்கிறது. தெச்கா அக்கா, இதை வரிவரியாகக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். சமாதானம் வேண்டாம், சாக்கு வேண்டாம், ரப்பர் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள், பெட்டியை நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். பிடுங்கியாயிற்று என்று அவர்கள் சொல்லும்வரை வைக்காதீர்கள்.

அதோ, சப்ரியான் அண்ணன் முதல் சீட்டை வாங்கிவிட்டார். கொஞ்சம் அமைதி... கேளுங்கள்...

"அலோ, அம்மா? பால் மிஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேன். மிஷின் பிளக்கைப் புடுங்குங்க... இல்லம்மா, இப்பவே... நானா? அதுக்குப் பெயிண்ட் அடிச்சவன்மா... ஆமா, நீலம் நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல புடுங்குங்க."

தலைவர் அவர்களே, மூத்தவர்களே, தாய்மார்களே, தோழர்களே! இவ்வளவு நேரம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. இனி நான் பேசுவது இடைஞ்சல். நீங்கள் பேசுங்கள். வணக்கம்.