பிளெண்டர் சுட்ட காக்கா

“வீட்டுல ஒரு சத்தம் ஓயவே மாட்டேங்குதுடி, அதான் துப்பாக்கி தானா சுடுது”ன்னு எம் மவ ஹஸீனா போன்ல கூட்டாளிகிட்ட சொன்னா, கமலவேணி. நா ஒட்டுக்கேக்கல! துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு. சத்தம்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு… ஒங்க பிளெண்டரு! கோவிச்சுக்காதீங்க. இப்பதான் பக்கத்துல குடி வந்திருக்கீங்க, தங்கமான ஆளு… ஆனா காலையில சட்னி, மத்தியானம் சம்பல், சாயங்காலம் என்னத்ததான் அரைக்கிறீங்க? நம்ம காஜா பெராங் தெரு வரிச வீட்டுச் சுவரு அப்பளம் மாதிரில்ல!

உக்காருங்க, டீ ஆறுது. இதான் அவ செஞ்ச விளையாட்டு. பழைய லேப்டாப்புல, தனியாளா! மெர்டேக்கா, அதான் சுதந்திரம் கெடச்ச வருசத்துப் பண்டார் ஹிலிர் திடலாம். கொடித் தோரணத்தக் காக்கா கொத்த வருது, இந்தக் குட்டிப்பொண்ணு சுட்டு வெரட்டணும். எதால? பட்டனே கெடையாது! அவ காலர்ல மாட்டியிருக்குற மைக்குல சத்தம் குடுத்தா சுடும், சும்மா இருந்தா கொடிமரத்தப் பாத்து நடக்கும். யாருக்காவது இப்பிடித் தோணுமாலா? வாயே தொறக்காத புள்ள, வாயால சுடுற விளையாட்டு செஞ்சிருக்கு! அவ ‘ம்’னு சொன்னா பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்காது. அந்தக் குரலுக்கும் சுடணும்னு மைக்க அவ்வளவு கூர்மையா வெச்சிருக்கா.

நாளைக்கி ஆயர் குரோ மண்டபத்துல அத்தன பேரு முன்னாடி இத ஆடிக் காட்டணும். புடிச்சிருந்தா விளையாட்டு செய்யிற கம்பெனிக்காரங்க வேலைக்கி எடுத்துக்குவாங்க. சொதப்புனா அவ வாப்பாவோட துணிக்கடையில போயி உக்காரணும்னு பேச்சு. இவ எங்கேருந்து சேல விக்கிறது? வந்தவங்கள ‘வாங்க’ன்னுகூட சொல்ல மாட்டாளே!

ஆங்… பாருங்க, இப்பவும் சுடுது! நடக்காம நின்ன எடத்துலயே டப்பு டப்புன்னு… காக்காயே இல்லாத வானத்த! போயி அந்த பிளெண்டர நிறுத்திட்டு வாங்க, தாயி… என்னது? ப்ளக்கையே புடுங்கிட்டுத்தான் வந்தீங்களா? அப்ப… ஃபேனு! ஹஸீனா, ஃபேன நிறுத்துடி. இன்னும் சுடுதே! அல்லாவே, தெருவுல ஐஸ்கிரீம்காரரு மோட்டாரு எதும்… ஏன் சிரிக்கிறீங்க? எதுக்கு என்னியக் கை காட்டுறீங்க? நா என்ன பண்ணேன், சும்மா பேசிக்கிட்டுத்தானே…

……

நடக்குது! அட, நின்னுருச்சு… சுடுது… இருங்க இருங்க.

………

ஐயய்யோ! நாந்தானா? இத்தன நாளா சமையக்கட்டுலேருந்து நாந்தான் சுட்டுக்கிட்டு இருந்தேனா? பாவம், ஒங்க பிளெண்டரப் போயி வஞ்சேனே! ஏண்டி, மொதல்லயே சொல்றதுக்கென்ன? எப்பச் சொல்றதா? ஆமா… நா எங்க எடம் குடுத்தேன்.

சரி, மூடிக்கிட்டேன். பொண்ணு கொடிமரத்துக்குப் போய்ச் சேரட்டும்.

…………

ஏய், கூட்டமா வருதுடி! போ! ஏய் மூக்கா, ஒன்னத்தான், அந்தத் தோரணத்த விடு! தோரணமா ஒனக்கு? எங்க வூட்டு மொட்டமாடியில மொளகா காயப்போட்டா வந்து கலைக்கிறது நீதானே! விழுது, கமலவேணி, விழுது! இன்னொண்ணு! அங்க, அங்க! ஓடுது பாருங்க…

முடிஞ்சிருச்சா? இதான் கடேசிக் கட்டமா? செஞ்சவளே இதத் தாண்டுனது கெடையாதா? மூச்சு விடாம சத்தம் குடுக்கணுமாம், இவளுக்கு மூச்சு பத்தலியாம்! ஹஹ்ஹா!

என்னடி, கிட்ட வர்ற? காலர்லேருந்து மைக்க எதுக்குக் கழட்டுற? நானா? நாளைக்கா? அத்தன பேரு முன்னாடி நா என்னத்தடி பேசுவேன்!

பாருங்க கமலவேணி… எம் முக்காட்டுல மாட்டியே விட்டுட்டா.