இரண்டு பக்கமும் ராசா

காளியப்பன்: ...திருப்பிப் பாரு சுப்பையா. அந்தப் பக்கமும் ராசா தலைதான்.

சுப்பையன்: பாத்துட்டனுங்ணா.

காளியப்பன்: நல்லாப் பாரு. பொன்னுல வேலை பாக்கற கண்ணு உனக்கு. பூ எங்க போச்சு?

சுப்பையன்: இருங்க, வெளிச்சத்துல காட்டறேன்... ஒரு காலணாவுக்கா இந்த வெய்யல்ல சேந்தமங்கலத்துக்கு நடந்து வந்தீங்க?

காளியப்பன்: காலணாவா? என்ற கெணறுடா அது. போன வெள்ளிக்கிழமை மாரியாத்தா கோயல்ல பாகம் பிரிச்சோமில்ல. காட்டை ரெண்டாக்கியாச்சு. கெணத்தை ரெண்டாப் பொளக்க முடியுமா? பூசாரி வீரன் காசு சுண்டுனான். மூத்தவனுக்குத் தலை, எளையவனுக்குப் பூ. நம்மூரு வழக்கம்.

சுப்பையன்: தலை விழுந்துச்சு. கெணறு உங்களுக்கு, உங்க தம்பி குழந்தவேலுக்கு வானம் பாத்த மேட்டுக்காடு. தெரியுமுங்களே.

காளியப்பன்: சுண்டுன காசை உண்டியல்ல போட்டறோணும். நேத்து வீரன் உண்டியலைத் தொறந்தா, இது கெடக்குது. என்ற கையில குடுத்துட்டு, "நாளைக்குப் பங்காளிக வாராங்க. இதுல சூது இல்லைன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிருங்க"ங்கறான்.

சுப்பையன்: பண்ணீட்டுப் போறதுங்ணா. கெணறு உங்களுது.

காளியப்பன்: எப்படிடா பண்றது? காசு அடிக்கற டங்கசாலையில ஆன தப்பா, ஆளு பண்ணுன தப்பான்னு தெரிய வேண்டாமா? எனக்கு நாலு குழந்தைக... பொய்ச் சத்தியம் அதுக தலையில விடியும்.

சுப்பையன்: சரி, கேளுங்க. என்ற பொட்டியில கெடக்கற இந்த வேற காசுல எழுத்து ரெட்டை ரெட்டையாத் தெரியுதா? அடிக்கறப்ப அச்சு நகந்துபோச்சு. இது டங்கசாலைத் தப்பு.

காளியப்பன்: ம்.

சுப்பையன்: இந்த இன்னொரு காசுல பாருங்க, ராசாவுக்கு மூக்கே இல்லை. சுத்தியும் கீறல். வண்டிச் சக்கரம் ஏறுனது. அச்சுத் தப்பு காசோடயே பொறந்தது, மேல கருப்பு ஒரே சீராப் படிஞ்சிருக்கும். அப்புறம் பட்ட காயம் பளிச்சுனு காட்டிக் குடுத்துரும்.

காளியப்பன்: அப்ப உண்டியல்ல கெடந்த இது?

சுப்பையன்: இது... பொறந்ததுங்ணா. மேலயும் கீழயும் தலை அச்சையே மாட்டீட்டாங்களாட்டம் இருக்குது.

காளியப்பன்: அப்படியும் வருமா?

சுப்பையன்: லட்சத்துல ஒண்ணு வருமுங்க.

காளியப்பன்: நீ பாத்திருக்கியா?

சுப்பையன்: ...கேள்விதானுங்க.

காளியப்பன்: எங்க, அந்தக் கல்லு மேல போடு.

சுப்பையன்: எதுக்குங்ணா? மோரு குடிக்கறீங்களா?

காளியப்பன்: போடுன்னா போடு... கேட்டியா? நல்ல காசு கிணீர்னு கேக்கும். இது தொப்புனு விழுகுது.

சுப்பையன்: உண்டியல்ல ஈரத்துல கெடந்திருக்கும்.

காளியப்பன்: செம்புக்கு என்னடா ஈரம்? விளிம்புக்கு உள்ளார பாரு, மயிராட்டம் ஒரு கோடு சுத்தி ஓடுது. ஒட்டு அது. ஒரு காசைக் கொடைஞ்சு, இன்னொரு தலையை அறுத்து உள்ள பதிச்சிருக்குது.

சுப்பையன்: ஏனுங்ணா... வெவசாயம் பாக்கற உங்களுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் எப்படித் தெரியும்?

காளியப்பன்: தெரியும், உடு. எனக்கு வேறொண்ணுதான் புரியல. பூசாரி காசு கேட்டதும் முந்திக்கிட்டு எடுத்துக் குடுத்தது குழந்தவேலு. அவன் மடியிலிருந்து வந்த காசு.

சுப்பையன்: ஆமாங்களா...

காளியப்பன்: தலை விழுந்தா அவனுக்குத்தான நட்டம்? தோக்கறதுக்கு எவனாச்சும் காசு பண்ணுவானா? யாராச்சும் அவன் தலையில கட்டுனாங்களா, வீரன் நடுவுல மாத்துனானா... நேத்திருந்து ஒரு வாய் சோறு எறங்கல. என்ற ஊட்டுக்காரி மாரக்காள் கூட, "கெணத்தை ஜெயிச்சுட்டு ஏன் எழவு உழுந்தவனாட்டம் உக்காந்திருக்கறீங்க"ன்னு கேக்கறா.

சுப்பையன்: அண்ணா, டங்கசாலைத் தப்புன்னு நெனைச்சுட்டுப் போயிருங்க. நான் வாக்குக் குடுத்திருக்கறேன்.

காளியப்பன்: யாருக்கு? யாருக்குடா சுப்பையா?

சுப்பையன்: குழந்தவேலுக்கு. நாந்தானுங்ணா பண்ணுனேன். இந்த எடத்துல உக்காந்துதான் கேட்டான்.

காளியப்பன்: தோக்கறதுக்கா?

சுப்பையன்: "அண்ணன் ஊட்ல நாலு குழந்தைக. எனக்கும் என்ற ஊட்டுக்காரி அத்தாயிக்கும் மேட்டுக்காடு போதும். நானாக் குடுத்தா அண்ணன் வாங்காது, ரோசக்காரன். மாரியாத்தா குடுத்தான்னா வாங்கிக்கும்"னான். கூலி கூட வாங்கலீங்ணா நானு... ஏனுங்ணா? மடியில என்ன தேடறீங்க?

காளியப்பன்: இந்தா... இதையும் பாரு.

சுப்பையன்: இன்னொரு காலணாவா? இதுலயும் ரெண்டு பக்கமும் தலை... ஒட்டு இருக்கற எடமே தெரியல, பலே கையா இருக்குது. நான் பண்ணுனதில்லைங்களே இது?

காளியப்பன்: சேலத்துல பண்ணுனது. அன்னைக்குக் கோயல்ல இது என்ற மடியில இருந்துச்சு சுப்பையா... அவன் முந்திக்கிட்டான்.