குறைக்கவும் நிறுத்தவும்

ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குக் கொண்டு வர்றவங்களை எனக்குப் புடிக்காது மேடம். நடுவுல வைக்கிறதுக்குன்னே ஒரு சின்னக் கட்டளை இருக்குது. கத்துக்க ஒரு நிமிஷம் ஆவும். அந்த ஒரு நிமிஷம் உக்கார மாட்டானுங்க, ஆனா முப்பது வாட்டி ஸ்பேஸ் தட்டுவானுங்க. அப்பால போன்ல தொறந்து பார்த்துட்டு, இன்னா ஆர்தர், தலைப்பு ஓரமா ஓடிப்போச்சுன்னு என் கிட்ட வருவானுங்க. இருபது வருஷமா என் பொழப்பு இதான். இவனுங்க சிந்தினதைத் தொடைக்கிறது.

நிதானமா சொல்லுங்கன்னு சொன்னீங்க. நான் எப்பவும் நிதானம்தான். உங்க ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்துலயே எழுதிக்கட்டும், ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு மூணு வார்த்தை மட்டும் தமிழ்லயே எழுதணும், அதை நானே எழுத்துக்கூட்டிச் சொல்றேன். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அதனால கொஞ்சம் விளக்க வேண்டி வரும். எனக்குப் பழக்கம்தான். யாருக்காவது எதையாவது விளக்கிக்கினேதான் இருக்கேன்.

வீடு இந்த சுரங்க ஊர்லயே, சாம்பியன் ரீப்ஸ்ல. பதினேழு வருஷம் காலை டிரெயின்ல பெங்களூருக்குப் போயி, ஒரு கம்பெனியில வெப் பக்கங்களைச் சரி பண்ணேன். எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், பத்தி உடைஞ்சு தொங்கும், எழுத்தைத் தடிப்பாக்குன்னு தொறந்த டேக்கை ஒருத்தன் மூடாம போயிருப்பான், அதுக்குக் கீழ இருக்கிற மொத்தப் பக்கமும் தடிச்ச எழுத்துல வந்து நிக்கும். நான் மூடுவேன். கம்பெனி அந்த செக்‌ஷனை இழுத்து மூடிச்சு. மூணு வருஷமா இங்க நம்ம ஊர் நர்சிங் ஹோம்ல அதே வேலை.

நர்சிங் ஹோம்ல இருந்து வீட்டுக்குப் போற பேஷண்ட்டுக்கு போன்ல ஒரு லிங்க் போவும். தொட்டா அவங்களுக்குன்னு ஒரு பக்கம் தொறக்கும். எந்த மாத்திரை, எத்தனை வேளை, இன்னா செய்யணும், இன்னா செய்யக் கூடாது. இங்கிலீஷ், கன்னடம், தமிழ், மூணுலயும் இருக்கும். டாக்டருங்க இங்கிலீஷ்ல குடுப்பாங்க. ரிட்டயர்டு தமிழ் டீச்சர் ஒருத்தங்க தமிழ்ல எழுதித் தருவாங்க, நல்ல சுத்தமான தமிழ். பார்க்க ஒழுங்கா வைக்கிறது நான்.

அந்தப் பக்கத்தோட அச்சை, டெம்ப்ளேட்டைப் போட்டவன் ரூபேஷ். பெங்களூருக்காரன், கம்ப்யூட்டர் ஹெட்டுன்னு பேரு, வாரத்துல ரெண்டு நாள் கார்ல வருவான். வயசு இருபத்தொம்பது. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு மஞ்சக் கட்டம் போட்டான். கட்டத்துக்கு ரெண்டு வரிதான் உயரம். அதுக்கு மேல வர்றதை மறைச்சிடணும்னு கட்டளை. மறைச்சா, வரி முடிவுல மூணு புள்ளி வரும். இங்கிலீஷ்ல பார்த்தான், அழகா இருந்துச்சு, போயிட்டான்.

இங்கிலீஷ்காரன் 'செய்யாதே'ன்னு மொதல்லயே சொல்லிடுவான் மேடம். வால் அறுந்தாலும் தலை இருக்கும். கன்னடத்துல நிறுத்தக் கூடாதுங்கிறது 'நில்லிஸபாரது'ன்னு ஒரே வார்த்தையா சேர்ந்து கெடக்கும். போனா மொத்தமா போவும், படிக்கிறவனுக்கு ஒண்ணும் விளங்காது, யாரையாவது கேப்பான். நம்ம தமிழ்லதான் வேண்டாங்கிறது, கூடாதுங்கிறது எல்லாம் கடைசியில தனியா வந்து உக்காரும். இந்த ஒரு விஷயம் கூட தெரியாம ஒருத்தன் தமிழ் ஜனங்க வாழுற ஊர்ல உக்காந்துக்கினு மருந்துப் பக்கத்துக்கு அச்சுப் போடுறான். சம்பளம் என்னோடதைப் போல நாலு மடங்கு.

செவ்வாக்கெழமை மீட்டிங்ல சொன்னேன். கட்டத்துல தமிழ் அறுபடுது, உயரத்தை எடுத்துடுங்கன்னு. அவன் போனை நோண்டிக்கினே, "ஃபார்மேட்டிங் அங்கிள், கன்டென்ட் பக்கம் போகாதீங்க. பார்க்க நீட்டா இருந்தா போதும்"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸ் பியூலா கூட சிரிச்சுது. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகையை நான் சும்மா டிசைன் பண்ணிக் குடுத்தவன்.

இது வரைக்கும் நீங்க ரூபேஷ் கிட்டயும் கேட்டிருப்பீங்க. அவன் இன்னொண்ணும் சொல்லியிருப்பான். சொல்லலைன்னா நானே சொல்றேன், மறைக்கிற ஆள் இல்ல. வியாழக்கெழமை அவன் எனக்கு மெயில் போட்டான். நீங்க சொன்னது சரி அங்கிள், சாரி, நீங்களே சரி பண்ணிடுங்கன்னு. எல்லா அனுமதியும் குடுத்திருந்தான். சிரிச்சது எல்லாரு முன்னாடி, சாரி மட்டும் தனி மெயில்ல. அந்த சாரியை நான் கணக்குலயே எடுத்துக்கல.

வெள்ளிக்கெழமை உக்காந்து பண்ணேன். ஒரு கட்டத்தை மட்டும் தனியா எடுத்துக்கினேன். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சவங்களுக்கான கட்டம். ரைட்டரைத் தமிழ்ல எழுதச் சொல்லுங்க: 'வலி நின்ற பிறகு மாத்திரையைக் குறைக்கவும் நிறுத்தவும் கூடாது.' வலி போனாலும் குறைக்காதே, நிறுத்தாதேன்னு அர்த்தம். கடைசி வார்த்தையைக் கையால மறைச்சுட்டுப் படிக்கச் சொல்லுங்க. 'வலி நின்ற பிறகு மாத்திரையைக் குறைக்கவும் நிறுத்தவும்.' பஸ்ல, பேங்க்ல எழுதி வைக்கிறாங்களே, கதவை மூடவும், வரிசையில் நிற்கவும்னு, அந்த மாதிரி ஆயிடுது. குறை, நிறுத்து. டாக்டரே சொல்ற மாதிரி மரியாதையா இருக்குது.

ரூபேஷோட அச்சுல அது அங்க இங்க அறுந்து, மூணு புள்ளியோட நின்னுக்கினு இருந்துச்சு. புள்ளியைப் பார்த்தா இன்னும் ஏதோ இருக்குதுன்னு யாருக்கும் தோணும். அது அசிங்கம். நான் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன். வரியை ரெண்டு எடத்துல உடைச்சேன். 'வலி நின்ற பிறகு மாத்திரையைக்' ஒரு வரி, 'குறைக்கவும் நிறுத்தவும்' ரெண்டாவது வரி, 'கூடாது' மூணாவது. கட்டத்துக்கு உயரம் ரெண்டு வரிதான், அதை நான் தொடல. மூணு புள்ளியை எடுத்துட்டு, ரெண்டாவது வரி முடிவுல ஒரு முற்றுப்புள்ளி வெச்சேன். அஞ்சாறு போன் வாங்கி வெச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரே மாதிரி, கச்சிதமா நின்னுச்சு. ரூபேஷுக்கு அனுப்பினேன். சூப்பர் அங்கிள்னு கட்டைவெரல் படம் போட்டான். மண்டு.

இன்னா நெனைச்சு பண்ணீங்கன்னு கேக்குறீங்க. ஒரு கம்ப்ளெய்ண்ட் வரணும்னு நெனைச்சேன். யாருக்காவது தலை சுத்தும், ஓடி வருவாங்க, எம்.டி. ரூபேஷைக் கூப்பிட்டு அதே ஆளுங்க முன்னாடி கிழிப்பாரு. நான் செவ்வாக்கெழமையே சொன்னேனேன்னு சொல்வேன். மெயிலை அவன் காட்டுவானேன்னு அப்ப யோசிக்கல. ஸ்டென்ட் வெச்சவங்க மாத்திரையை நிறுத்தினா இன்னா ஆவும்னு தெரியுமான்னு கேட்டா, தெரியும். ஸ்டென்ட் அடைச்சுக்கினு உயிர் போவும்னு டாக்டருங்க குடுத்த இங்கிலீஷ்லயே எழுதியிருக்குது. நான்தான் அதை ஒழுங்கா அடுக்கி வெச்சேன்.

ரெண்டு வாரத்துல ஆறு பேருக்கு அந்தப் பக்கம் போச்சு. மூணு பேர் இங்கிலீஷ்லயோ கன்னடத்துலயோ பார்த்தாங்க. ரெண்டு பேர் தமிழ்ல பார்த்துட்டு நர்ஸுக்கு போன் பண்ணிக் கேட்டாங்க, அவங்க வாயாலயே நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல இன்னா இருக்குதுன்னு நர்ஸ் பார்க்கவே இல்ல. அவங்க வேலை லட்சணம் அது. ஆறாவது ஸ்டீவன்.

ஸ்டீவனை உங்களுக்குத் தெரியாது. ஸ்கெலட்டன் ஏரியாவுல வீடு. பெங்களூருல ஒரு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேலை, நான் போன அதே டிரெயின். அவரு முன்னாடி ஸ்டேஷன்லயே ஏறி, எனக்கு டவலைப் போட்டு சீட் புடிச்சு வெப்பாரு. வருஷக்கணக்கா. நான் கேட்டதில்ல, அவராதான் வெப்பாரு. அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, இதையும் எழுதிக்கங்க.

அவரு சம்சாரம் ஃப்ளோரா. எங்க சர்ச்சுல ஞாயித்துக்கெழமை வேதபாடம் வாசிக்கிறது அவங்கதான். நல்ல குரல், ஒரு ஒற்றெழுத்து வுடாம வாசிப்பாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு, சர்ச் கேட்டாண்ட என்னை நிறுத்தினாங்க. கையில போன்.

"ஆர்தரண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. வலி நின்னுபோச்சுன்னா மாத்திரையைக் குறைச்சு நிறுத்தச் சொல்லிப் போட்டிருக்குது. அவருக்கு வலியே இல்ல இப்ப, அட்டையும் தீரப் போவுது. ஆனா டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாப்ல ஞாபகம். பயமா இருக்குதுண்ணே."

போனை வாங்கிப் பார்த்தேன். அவங்க போன் சின்னது, கண்ணாடியில கீறல். அதுலயும் ரெண்டு வரியும் சரியா நின்னுச்சு. எனக்கு அதைப் பார்க்க நல்லா இருந்துச்சு மேடம், பொய் சொல்ல மாட்டேன்.

"பக்கத்துல இன்னா போட்டிருக்குதோ, அது படி செய்ங்க"ன்னேன்.

"நீங்க சொன்னா சரிதாண்ணே. நீங்கதானே அதெல்லாம் பார்த்துப் போடுறது"ன்னு சொல்லி, மூச்சு வுட்டுக்கினு சிரிச்சாங்க. ஸ்டீவன் அந்தப் பக்கம் வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு எனக்குக் கை காட்டினாரு.

நான் வேற இன்னா சொல்லணும்? கன்டென்ட் பக்கம் போகாதேன்னு எனக்கு உத்தரவு. நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கிறது உங்க மூஞ்சியில தெரியுது. ஒரு வார்த்தைதான். அதை நான் சொல்லியிருந்தா அவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, அவரு மாத்திரையை முழுங்கியிருப்பாரு, ரூபேஷ் கட்டைவெரலைத் தூக்கிக்கினே சுத்தியிருப்பான்.

பதினொரு நாள். காலையில பல் தேய்க்கிற எடத்துலயே ஸ்டீவன் விழுந்து, அங்கேயே போயிட்டாரு. எட்டே முக்காலுக்கு பியூலா அழுதுக்கினே போன் பண்ணுச்சு. நான் ஆபீஸ்லதான் இருந்தேன். மொதல்ல பக்கத்தைத் தொறந்தேன். ரெண்டு வரி உயரத்தை எடுத்தேன், நான் வெச்ச புள்ளியை எடுத்தேன், உடைச்ச வரியைச் சேர்த்தேன். ஒரு நிமிஷம் கூட ஆவல. பயந்துக்கினு மாத்தினேன்னு எழுதாதீங்க. தப்பா நிக்கிற பக்கத்தை வெச்சுக்கினு எனக்கு சும்மா இருக்க முடியாது, என் சுபாவம் அது. அப்பால சட்டையை மாத்திக்கினு ஸ்கெலட்டன் போனேன். பெட்டி தூக்கின ஆறு பேர்ல நான் ஒருத்தன்.

அடக்கம் எல்லாம் முடிஞ்சு நாலாவது நாள் ஃப்ளோரா அந்த லிங்க்கைத் திரும்பத் தொறந்திருக்காங்க. இப்ப அதுல 'கூடாது' இருக்குது. பளிச்சுனு. அவங்க அதைப் பார்த்துட்டு அங்கேயே உக்காந்துட்டாங்களாம். பையன் ஷெர்வின் பெங்களூருல இருந்து வந்திருந்தான், அவன் கிட்ட கூட சொல்லாம நேரா என் வீட்டுக்கு வந்தாங்க. செருப்பு கூட இல்ல கால்ல.

"அண்ணே, இந்த வார்த்தை மொதல்லயே இருந்துச்சா? நான்தான் பார்க்காம வுட்டுட்டேனா? என் கையாலதானே மாத்திரையைக் குடுக்காம எடுத்து உள்ள வெச்சேன்?"

அதுக்கு அப்பாலதான் அந்தம்மா உங்க ஸ்டேஷனுக்கு வந்தாங்க. என் வீட்டுக்காரரை நான்தான் கொன்னேன், புடிச்சு உள்ள போடுங்கன்னு கேட்டாங்க இல்ல? நீங்க தண்ணி குடுத்து அனுப்பியிருக்கீங்க. ஷெர்வின் போன்ல அம்மா மொத நாளே அனுப்பின அந்தப் பக்கத்தோட படம் இருந்திருக்குது, ரெண்டு வரி, ஒரு புள்ளி. அதை எடுத்துக்கினு அவன் வந்ததாலதான் நீங்க என்னைக் கூப்பிட்டீங்க. டெக்னிக்கல் கோளாறான்னு கேட்டீங்க. கோளாறு இல்ல மேடம். கோளாறு பண்றவனுங்க வேற. நான் பண்ணா அது நான் நெனைச்ச மாதிரிதான் நிக்கும்.

அவங்களுக்கு நான் இன்னா பதில் சொன்னேன்னு கேக்குறீங்க. இருந்துச்சும்மா, நீங்கதான் பார்க்கலன்னு சொன்னேன். அதுல என்னைக் குத்தம் சொல்ல முடியாது. திரையில தெரியலையே தவிர, பக்கத்துக்குப் பின்னால இருக்கிற கம்ப்யூட்டர் கோடுல அந்த வார்த்தை ஒரு நாள் கூட இல்லாம இல்ல, வேணும்னா தொறந்து காட்டுறேன். அந்தப் பொம்பளை கிட்ட நான் பொய் சொல்லல மேடம்.